போனது கருவி, போகாதது தொழில்



இத்திங்கள் எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, திருவரங்கத்தில் வாழும் ஒரு தாய் எழுதியது. கணவரை இழந்தவர். அவருடைய மகன் திருமணம், திருமுழுக்கு, புதுநன்மை விழாக்களில் புகைப்படம் எடுத்து, அந்த வருவாயில் தாயையும் தங்கையையும் காத்து வருகிறான். வெளியூர்த் திருமணம் ஒன்றை முடித்துக்கொண்டு இரவுப் பேருந்தில் திரும்பியவன் களைப்பால் உறங்கிப்போனான். பேருந்து திருச்சியை அடைந்தபோது கேமராப் பையைக் காணவில்லை. இரண்டு கேமராக்கள், நான்கு லென்ஸுகள், இரண்டு பிளாஷ் விளக்குகள் என எட்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை ஓர் இரவில் போய்விட்டன. தை, மாசி மாதங்களில் நடக்கவிருக்கும் ஆறு திருமணங்களுக்கு அவன் முன்பணம் வாங்கியிருக்கிறான். “சாமி, போனவற்றை ஒன்றுவிடாமல் திரும்ப வாங்கினால்தான் தொழில் நடக்கும் என்று மகன் சொல்கிறான். மகளின் நர்சிங் படிப்புக்கென்று வைத்திருக்கும் வளையல்களை அடகு வைக்கலாமா?” என்று அந்தத் தாய் வினவுகிறார்.

திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நம் கோவில்களில் திருமணங்கள் நடப்பது அரிது. ஆதலால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் சாம்பல் புதனுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே நம்முடைய படக்காரர்களுக்கு அறுவடைக் காலம். அந்த வேளையில் கருவியின்றி நிற்பது, நடவு நாளில் ஏர் இல்லாமல் நிற்பதற்கு ஒப்பாகும். அந்தத் தாயின் பதற்றம் நியாயமானதே. எனினும் என் மறுமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா, வளையல்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பி, போனவற்றை அப்படியே திரும்ப வாங்க வேண்டாம். உன் வேலை எவற்றைக் கேட்கிறதோ அவற்றை மட்டும், அது கேட்கும் வரிசையில் வாங்கு. இதற்கான காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கருவியைக் கொண்டு பிழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும், அது தையல் இயந்திரமாயினும் தச்சுப் பட்டறையாயினும், இவற்றுள் பலவும் பொருந்தும்.

திருவரங்கத்துக்கு வந்த முதல் கேமராக்காரர்களுள் ஒருவர்

நம் ஊரிலேயே இதற்கொரு பழைய சான்று உண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயத் தளபதி 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்றார். 1857-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென்னாட்டுப் பயணம் புறப்பட்டார். 1858-இல் திருவரங்கம், திருச்சி மலைக்கோட்டை, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். இன்று 13 நிலைகளோடு விளங்கும் திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரம் அப்போது முற்றுப்பெறாத மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அது நிறைவடைந்தது 1987-இல்தான்.

டிரைப் எந்தக் கருவியைத் தேர்ந்தார் என்பதே நமக்குப் பாடம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசிப் படமெடுக்கும் புதிய முறை 1851 முதல் பரவியிருந்தது. அது மிகத் தெளிவான படம் தரும். ஆனால் பசை ஈரமாயிருக்கும் சில நிமிடங்களுக்குள் பூசுதல், படமெடுத்தல், கழுவுதல் யாவும் முடிந்தாக வேண்டும். வெயிலில் பசை விரைந்து உலர்ந்துவிடும். போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும், உடையக்கூடிய கனத்த கண்ணாடிகளும் உடன்வர வேண்டும். மெழுகு பூசிய காகித நெகடிவோ சற்றே மங்கலானது; நெடுநேரம் ஒளி காட்ட வேண்டும்; அசையும் மனிதர் அதில் பதிய மாட்டார்கள். ஆயினும் அதனை நாட்கணக்கில் முன்னரே ஆயத்தம் செய்து வைக்கலாம்; படமெடுத்தபின் பொறுமையாகக் கழுவலாம்; மாட்டுவண்டியில் உடையாமல் எடுத்துச் செல்லலாம். டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே கொண்டார். அவர் எடுக்க வந்தவை கோபுரங்களும் மண்டபங்களும்; அவை அசைவதில்லை. வேலையும் வெயிலும் வழியும் கேட்ட கருவி அது. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டிக் காட்டியதும் அவர்தான். சந்தையில் மிக உயர்ந்தது எது என்று பாராமல், தன் பணிக்கு உகந்தது எது என்று பார்த்தவரின் படங்கள் 160 ஆண்டுகளுக்குப் பின்னும் அரும்பொருட் காட்சியகங்களில் போற்றப்படுகின்றன.

நம் பெற்றோர் காலத்து ஆல்பங்களும் இதையே கூறும். இந்தியாவில் செய்யப்பட்ட ஆக்பா கிளிக் 3 என்னும் எளிய கேமரா அன்று எத்தனையோ வீடுகளில் இருந்தது. ஒரு சுருளில் 12 படங்கள்; அவ்வளவே. உதகையில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் தாளும் செய்து வந்தது. இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. அந்த எளிய பெட்டிகளில் எடுத்த தாத்தா பாட்டியின் படங்கள் மட்டும் நம் சுவர்களில் இருக்கின்றன.

முதலில் எண்ணிப் பார்

இனித் தம்பிக்குச் சில செய்திகள். நகரில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவரிடம் கேட்டறிந்தவையும் இவற்றுள் அடங்கும்.

முதல் வேலை, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெறுவது. கருவிகளின் வரிசை எண்களைப் புகாரில் குறிப்பிட வேண்டும். பில் தொலைந்துபோயிருந்தால் கலங்காதே. கேமரா எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்பினுள்ளும் ஒரு குறிப்பு பொதிந்திருக்கும். எடுத்த நாள், நேரம், லென்ஸின் அளவு முதலியவற்றோடு, பல கேமராக்களில் அந்தக் கேமராவின் வரிசை எண்ணும் அதில் இருக்கும். வீட்டுக் கணினியில் உள்ள உன் பழைய படம் ஒன்றைத் திறந்து பார்த்தால், தொலைந்த கேமராவின் எண் கிடைக்கக்கூடும்.

அதே குறிப்பு உனக்கு மற்றோர் உண்மையையும் உரைக்கும். சென்ற ஆண்டு எடுத்த திருமணங்களுள் ஐந்தைத் தேர்ந்துகொள். எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை விட்டுவிடு. மணமக்கள் விரும்பி ஆல்பத்தில் சேர்த்த படங்களை மட்டும் எண்ணு. அவற்றுள் எத்தனை எந்த லென்ஸில் எடுக்கப்பட்டவை என்று ஒரு தாளில் கோடு கிழித்துக் கணக்கிடு. நான்கு லென்ஸுகளுள் ஒன்றோ இரண்டோதான் உன் வீட்டுக்குச் சோறு போட்டிருக்கின்றன என்பதை நீயே காணக்கூடும். ஆசைப்பட்டு வாங்கிய ஒன்று ஆண்டு முழுதும் பையிலேயே உறங்கியிருக்கலாம். அதைத் திரும்ப வாங்குவது எதற்கு? ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்த காலத்தில் இத்தகைய கணக்குப் பார்க்க எவருக்கும் வாய்ப்பதில்லை. எல்லாம் போன இடத்தில்தான் அது வாய்க்கிறது.

ஆறு திருமணங்களுக்கு வாடகை

இரண்டாவதாக, கைவசமுள்ள ஆறு திருமணங்களுக்காக அவசரப்பட்டு எதையும் வாங்காதே. நாள் வாடகைக்குக் கேமராவும் லென்ஸும் தருவோர் நம் நகரத்தில் உண்டு. உடன் தொழில் செய்யும் நண்பர்களும் வேலையில்லா நாளில் கொடுத்து உதவுவர். வாடகையால் ஆறு திருமணங்களின் இலாபம் குறையும், அது உண்மைதான். ஆனால் வாக்குத் தவறாது, கடன் ஏறாது. மேலும் வெவ்வேறு கருவிகளைக் கையில் பிடித்து வேலை செய்து பார்க்கும் நன்மையும் உண்டு. கடைப் பலகையில் ஐந்து நிமிடம் பார்த்து வாங்குவதைவிட, ஒரு திருமணம் முழுவதும் தோளில் சுமந்து பார்த்து வாங்குவது நன்று.

வாங்கும் வரிசை

மூன்றாவதாக, வாங்கும்போது லென்ஸை முதன்மையாகவும் கேமராவை அதற்கு அடுத்ததாகவும் வைத்துச் சிந்திக்க வேண்டும். கேமராவின் உடற்பகுதி சில ஆண்டுகளில் பழையதாகி விலை இறங்கிவிடும். நல்ல லென்ஸ் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். விற்றாலும் மதிப்பு நிற்கும்.

ஒவ்வொரு நிறுவனத்தின் லென்ஸும் அந்தந்த நிறுவனத்தின் வாய்க்கே பொருந்தும். நிக்கானின் பழைய வாய் 1959-இலிருந்து வருவது. கேனனுடையது 1987-இலிருந்து வருவது. 2018-இல் இவ்விரு நிறுவனங்களும், உள்ளே கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ முழுஅளவுக் கேமராக்களுக்கெனப் புதிய வாய்களை அமைத்தன. சோனி 2010-லேயே தன் புதிய வாயைக் கொண்டுவந்துவிட்டது. பழைய கேனன், நிக்கான் லென்ஸுகளை இடைவளையம் ஒன்றைப் பூட்டிப் புதிய கேமராவில் பயன்படுத்தலாம். புதிய லென்ஸைப் பழைய கேமராவில் பூட்ட இயலாது. நிக்கானில் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். உள்ளேயே மோட்டார் உள்ள லென்ஸுகளே அந்த வளையத்தின் வழியே தாமாகக் குவியும். மோட்டார் இல்லாதவற்றைக் கையால் திருப்ப வேண்டும்.

லென்ஸுகள் கையிலிருந்த காலத்தில் நீ ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டிருந்தாய். இன்று எந்தக் கட்டும் இல்லை. இப்போது புதிதாகத் தேரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள். உன்னோடு வேலை செய்யும் நண்பர்கள் எந்த வாயுடைய லென்ஸ் வைத்திருக்கிறார்கள்? அவசரத்துக்கு மாற்றிக்கொள்ள அது உதவும். பழுதானால் கொடுத்துச் சீராக்கும் இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது? அந்த வாய்க்குப் பொருந்தும் பழைய லென்ஸுகள் மலிவாகக் கிடைக்கின்றனவா? விளம்பரத்தில் காணும் புள்ளிக் கணக்கைவிட இம்மூன்றும் உன் அன்றாட வாழ்வுக்கு நெருக்கமானவை.

கைப்பணத்தில் உடனே தொழில் தொடங்க எண்ணினால், கண்ணாடியுள்ள பழைய வகைக் கேமரா ஒன்றைப் பயன்படுத்தப்பட்டதாக வாங்கலாம். பலர் புதிய வகைக்கு மாறிவிட்டதால் அவை இன்று மலிவு. பின்னாளில் புதிய உடல் வாங்கும்போது அதே லென்ஸுகள் வளையத்தோடு தொடர்ந்து உழைக்கும். ஆகவே இன்று கொடுக்கும் பணம் வீணாகாது.

கோவிலின் ஒளி

எந்த லென்ஸை முதலில் வாங்குவது? பீடத்தருகே நின்று நெடுநாள் பார்த்தவன் என்ற முறையில் இதற்கு நானே விடை கூறுவேன். நம் பழைய கோவில்களின் உட்புறம் மங்கலானது. கேமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண லென்ஸ், நீட்டிய நிலையில் எஃப் 5.6 அளவுக்கே கண் திறக்கும். 50 மி.மீ. அளவுள்ள எஃப் 1.8 லென்ஸோ அதனினும் ஒன்பது, பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். எல்லா நிறுவனங்களிலும் விலை குறைந்த லென்ஸுகளுள் அதுவும் ஒன்று. சிறிய உணர்பலகையுள்ள கேமராவில் அது 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் போலப் பயன்படும். மணமக்கள் திருமண வாக்களிக்கும் நேரத்தில் பீடத்துக்கு ஏறி வராமல், முதல் இருக்கை அருகே நின்றபடியே முகங்களை எடுக்க அது போதும். நடுப்பூசையில் கண்ணைப் பறிக்கும் பிளாஷும் தேவைப்படாது. அத்தகைய படக்காரரை எந்தப் பங்குத்தந்தையும் மகிழ்வோடு வரவேற்பார்.

குடும்பப் படங்களுக்கு அகலப் பார்வை தேவை. சிறிய உணர்பலகைக் கேமராவாயின் 17-50 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் ஒன்று போதும். டாம்ரான், சிக்மா போன்ற நிறுவனங்கள் செய்தவை பயன்படுத்தப்பட்ட நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு கேமரா, இவ்விரண்டு லென்ஸுகள், ஒரு பிளாஷ், இரண்டு பாட்டரி, நான்கு மெமரி கார்டு: ஒரு திருமணத்தை நிறைவாக முடிக்க இவை போதும். இரண்டாவது கேமரா அவசியமே. ஒன்று நடுவில் நின்றுவிட்டால் மணநாள் திரும்ப வராது. ஆனால் அதை இப்போதைக்கு வாடகைக்கு எடுத்து, மீந்த பணத்தில் பின்னர் வாங்கலாம். நெடுந்தொலைவு லென்ஸ் வரிசையில் கடைசியாக நிற்கட்டும்.

பழையது வாங்குமுன்

பயன்படுத்தப்பட்ட கருவியை வாங்குவதில் இழிவில்லை, விழிப்பு வேண்டும். கேமராவின் ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்ற எண்ணிக்கையைக் கேள். ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை வரை தாங்குமாறு பல கேமராக்கள் செய்யப்படுகின்றன. லென்ஸின் ஒருபுறம் கைவிளக்கை அடித்து மறுபுறம் பார். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. காவிரிக் கரையின் ஈரக்காற்றில் மூடிவைத்த லென்ஸுகளில் அது எளிதில் படரும். கண்ணாடி மேலுள்ள பூச்சையே அரித்துவிடும். வாங்கியபின் உனது பெட்டியிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பில்லைக் கேட்டு, வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார். பில்லே இல்லாமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவனிடம் வாங்காதே. உன் பையும் இந்நேரம் எங்கோ ஓரிடத்தில் அப்படித்தான் விலை பேசப்படும். திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குவது சட்டப்படியும் குற்றம். மற்றொரு தாயின் கண்ணீரை நாம் மலிவாக வாங்கிவிடக் கூடாது. புதியதாக வாங்கினாலும், இந்தியாவில் செல்லும் உத்தரவாதம் உள்ளதா என்று பார். வெளிநாட்டிலிருந்து குறுக்கு வழியில் வந்தவை சற்று மலிவாயிருக்கும். பழுதானால் கேட்பார் இருக்கமாட்டார்.

கடன் வாங்கியே தீர வேண்டுமாயின்

கைப்பணம் போதாவிட்டால் வங்கியை நாடலாம். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்குப் பிணையின்றிக் கடன் கிடைக்கும். ‘சிசு’ பிரிவில் ரூ. 50,000 வரையிலும், ‘கிஷோர்’ பிரிவில் ரூ. 5 லட்சம் வரையிலும் கேட்கலாம். தொழிலின் வரவு செலவு எழுதிய நோட்டும், வாங்கப்போகும் கருவிகளின் விலைப்பட்டியலும் கையில் இருந்தால் மேலாளரிடம் பேசுவது எளிது. தவணையை முடிவு செய்யும்போது தை மாத வருவாயை வைத்துக் கணக்கிடாதே. திருமணமே இல்லாத மாதத்தை வைத்துக் கணக்கிடு. அந்த மாதத்திலும் கட்ட முடிந்த தவணையே உனக்குரிய தவணை.

கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று வாசலுக்கு வருவோரிடம் ஒருபோதும் போகக் கூடாது. அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆயினும் அந்த வலையில் விழுந்து நொந்த குடும்பங்களை நம் பங்குகளில் இன்றும் காண்கிறோம். வளையல்களைப் பற்றியும் ஒரு சொல். அவை மகளின் படிப்புக்கென்று குறிக்கப்பட்டவை. அண்ணனின் இழப்பைத் தங்கையின் எதிர்காலத்தால் ஈடுசெய்வது நீதியன்று. அவளிடம் கேட்டால் ‘எடுத்துக்கொள்’ என்றே சொல்லுவாள், அதனாலேயே கேட்கலாகாது.

புதிய கருவிகள் வந்தபின் காப்பீடு செய்துகொள். பத்திரத்தின் நிபந்தனைகளை வாசித்துக் கையெழுத்திடு. ஆளில்லாத வண்டியில் விட்டுச் சென்று காணாமற்போனால் இழப்பீடு இல்லை என்பது போன்ற விதிகள் பலவற்றில் இருக்கும்.

எது செல்வம்?

கடிதத்தின் கடைசி வரியில் அந்தத் தாய் ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். அன்றைய திருமணத்தின் மெமரி கார்டுகளை மகன் சட்டைப் பையில் வைத்திருந்தானாம், அவை தப்பின. அதை அவர் பெரிதாக எண்ணவில்லை. நான் பெரிதாக எண்ணுகிறேன். கருவிக்கு விலையுண்டு. இருவர் வாழ்வில் ஒருமுறை நிகழ்ந்த நாளுக்கு எந்தக் கடையிலும் விலைச்சீட்டு இல்லை.

அயர்லாந்து நாட்டு இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் பிரவுன் என்பாரைப் பற்றிப் பலர் அறிந்திருக்கலாம். அவருக்கு முதல் கேமராவைக் கொடுத்தவர் ஆயராயிருந்த அவருடைய சிற்றப்பா. குருமாணவராயிருந்த பிரவுன் 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலில் ஏறி, அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகம் வரை பயணம் செய்து படங்கள் எடுத்தார். மேலும் பயணம் செய்ய வாய்ப்பு வந்தபோது, கப்பலைவிட்டு இறங்குமாறு மாநிலத் தலைவர் தந்தி கொடுத்தார். கீழ்ப்படிந்து இறங்கினார். கப்பல் மூழ்கியது, படங்கள் உலகெங்கும் அச்சாயின. பிற்காலத்தில் குருவாகி, 1960-இல் அவர் காலமானார். அவருடைய நெகடிவுகள் ஒரு பெட்டியில் கிடந்து, 1985-இல் மற்றோர் இயேசு சபைக் குருவின் கண்ணில் பட்டன. ஏறத்தாழ 42,000 நெகடிவுகள்! சிதையத் தொடங்கியிருந்த அவை பாதுகாப்பான பிலிமுக்குப் படியெடுக்கப்பட்டன. அவர் எந்தக் கேமராவில் எடுத்தார் என்று இன்று எவரும் முதற்கேள்வியாகக் கேட்பதில்லை.

ஜப்பானில் 2011 மார்ச்சில் கடல் பொங்கி ஊர்களை வாரிச் சென்றபின், சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கியெடுத்துக் கழுவி, உலர்த்தி, உரியவர்களிடம் சேர்த்தார்கள். வீட்டை இழந்தவர்கள் அந்தப் படங்களைத் தேடி வந்தார்கள். நம் தமிழகத்திலும் பழைய ஸ்டூடியோக்களில் அழிந்துகொண்டிருந்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிக் கண்டு மின்படியாக்கியுள்ளனர்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் நமக்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ! 1924-இன் பெருவெள்ளத்தைப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் உண்டு. 1977-இலும் 2005-இலும் திருச்சியில் புகுந்த வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்ததை அனைவரும் பார்த்தோம். ஆகவே தம்பி, எடுத்த படங்களை அன்றிரவே இரண்டு இடங்களில் படியெடுத்து வை. இரண்டில் ஒன்று உன் வீட்டுக்கு வெளியே, மேட்டுப் பகுதியில் வாழும் உறவினரிடமோ நண்பரிடமோ இருக்கட்டும்.

ஏனைய குடும்பத்தாருக்கும் ஒரு குறிப்பு. வீட்டு ஆல்பம் நனைந்துவிட்டால், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உலரும்படி விடாதீர்கள். ஈரமாயிருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, தெளிந்த குளிர்ந்த நீரில் அலசி, படம் மேலே இருக்குமாறு நிழலில் உலர்த்துங்கள். நனைந்த கேமராவை இயக்கிப் பார்க்காமல் உடனே பாட்டரியைக் கழற்றுங்கள்.

திருமண வீட்டாருக்கு

இறுதியாக, அந்த ஆறு திருமண வீட்டாரிடமும் அவர்கள் போன்ற அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். கருவியை இழந்த படக்காரர் உங்களிடம் வந்து உண்மையைச் சொன்னால், பதறி முன்பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். வாடகைக் கேமராவில் எடுத்தாலும் எடுப்பவர் அவரே. எட்டு ஆண்டுப் பழக்கமும், மணமகளின் தாய் கண்ணீரைத் துடைக்கும் கணத்தை அறிந்து திரும்பும் கண்ணும் பேருந்தில் தொலையவில்லை. உங்களால் இயலுமாயின் இன்னும் சிறிது முன்பணம் கொடுங்கள். விழா முடிந்தபின் மீதித் தொகையை ஆல்பம் வரும்வரை, அதற்குப் பின்னும் நாலு மாதம் என்று இழுத்தடிக்காமல் உரிய நாளில் கொடுங்கள். விருந்துக்கும் பந்தலுக்கும் அன்றே எண்ணிக் கொடுக்கும் நாம், படக்காரரின் பாக்கியை மட்டும் மறப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் ஒழிந்தால், கருவியை இழந்த தொழிலாளி எவரும் வட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியிராது.

அம்மா, உங்கள் மகனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். இன்றிரவே பழைய ஆல்பங்களைத் திறந்து கணக்கெடுக்கச் சொல்லுங்கள். நாளைக் காலை ஆறு வீடுகளுக்கும் நேரில் சென்று, நடந்ததைச் சொல்லட்டும். மகளின் கட்டணத்தைக் குறித்த நாளில் கட்டிவிடுங்கள்.